பச்சை மூடி

ஜூன் 6, திங்கள்

லேபில் சேர்ந்து இன்றோடு ஓராண்டு. மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரிக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருமல் மருந்து விளம்பரம்.

ஓராண்டில் நான் கற்றுக்கொண்டது ஃபிளேம் போட்டோமீட்டர். முதலாளி பால்ராஜ் சார் சர்க்கரை, மஞ்சள் காமாலை எல்லாம் பார்ப்பார். இந்த மெஷின் பக்கம் வரமாட்டார். "அது டிகிரி படிச்சவங்க வேலம்மா. நான் பன்னெண்டாங் கிளாஸ்" என்பார். ரத்தத்தைத் தெளிய வைத்து, நீர் கலந்து, குழாயின் நுனியில் காட்டினால் மெஷின் உறிஞ்சித் தீயில் தெளிக்கும். சோடியம், பொட்டாசியம், லித்தியம், மூன்றையும் தீயின் நிறத்தை வைத்தே எண்ணாகச் சொல்லிவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் மஞ்சள்தான். சோடியம் மற்ற நிறங்களை அடித்துவிடும். லித்தியத்தின் சிவப்பை அதற்கான கண்ணாடி வில்லை வழியாக மெஷின் மட்டுமே பார்க்கும்.

இன்று புது டியூப் வந்தது. இதுவரை சிவப்பு மூடி போட்ட டியூப். ரத்தம் உறைந்து தெளிய முக்கால் மணி நேரம் ஆகும். இது பச்சை மூடி. உள்ளே மருந்து தடவியிருப்பதால் ரத்தம் உறையாது, உடனே சுழற்றும் மெஷினில் சுற்றித் தெளிய வைத்துவிடலாம். "இனிமே பேஷண்ட் நம்மள ஏச மாட்டாங்க" என்று சாருக்கு ஒரே சந்தோஷம். டியூபில் சின்ன எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. படிக்க நேரமில்லை. நோயாளி பெயர் எழுதிய சீட்டை அதன் மேலேயே நேராக ஒட்டினேன். சாரிடம் ஒன்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்றார். விட்டுவிட்டேன்.

ஜூன் 8, புதன்

அண்ணனின் ஷேர் ஆட்டோவில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். இன்று கூட்டமில்லை. நாளை அவனுக்கு மாதாந்தர டெஸ்ட் என்று நினைவுபடுத்தினேன்.

"என் ரத்தத்துல பேட்டரி ஓடுதான்னு பாக்கணுமாக்கும்" என்றான். செல்போன் பேட்டரியிலும் லித்தியம்தான் என்று நான் சொன்ன நாளிலிருந்து இதே கேலி.

தீயில் போட்டால் அது ஏன் சிவப்பாக எரிகிறது என்று கேட்டான். என்னிடம் இப்படிக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான். அணுவை வண்டியாகவும் எலக்ட்ரான்களைப் பயணிகளாகவும் ஆக்கி, அவன் ஆட்டோவை வைத்தே சொன்னேன். உள் சீட்டில் இரண்டு பேர். அடுத்த வரிசையில் எட்டு பேர். இடமில்லாமல் வெளியே ஒருத்தன் தொங்குகிறான். லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. எந்த வண்டியானாலும் கடைசியில் தொங்குகிறவன் ஒருத்தன்தான். சூடு பட்டதும் அவன் மேலே தாவுவான். மேலே நிற்க முடியாது, பழைய இடத்துக்கே விழுவான். விழும்போது வெளிச்சம் வரும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறான் என்பதுதான் நிறம்.

"விழுறவன் கத்துவாம்லா, அந்தச் சத்தந்தான் கலருங்கியாக்கும்."

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

"பாவம்ளா அவன். எறங்கி நடக்கச் சொல்லு."

மூன்று வருடமாக அண்ணன் இப்படித்தான் இருக்கிறான். அதற்கு முன்னால் இருந்ததை எழுத வேண்டாம். அப்பா இறந்தபின் பதினேழு வயதில் ஸ்டியரிங் பிடித்து என்னைப் பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்தவன். இடையில் ஒருமுறை இரண்டு மாதம் தூங்காமல் இருந்தான். அம்மா அவன் இடுப்பில் சேலையைக் கட்டி மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மனசை நிலையாக வைக்கிற லித்தியம் மாத்திரை வந்த பிறகுதான் அந்தச் சேலை பெட்டிக்குள் போனது.

ஜூன் 9, வியாழன்

அண்ணனுக்கு 2.1.

போன மாதம் 0.8. ஒன்றேகாலுக்குள் இருக்க வேண்டும், ஒன்றரையைத் தாண்டினால் விஷம். அளவு தெரிந்த கரைசலை வைத்து மெஷினைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் 2.1.

அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் வைதேகி மேடத்துக்கு நானே போன் செய்தேன். போனில் பேசுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வது என் வழக்கம். இன்று எழுதாமலே பேசினேன். மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். "வெயில் நேரம். தண்ணி சரியாக் குடிக்கலைன்னா இப்படி ஏறும். நல்லவேளை பார்த்தம்மா."

அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும் விஷயம் கேட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எம்புள்ள படிச்சது வீண் போகல" என்றாள். விரலில் தீக்குச்சி மருந்து வாசம்.

ஜூன் 11, சனி

ஞானசெல்வி டீச்சர் வந்தார். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். மாதம் ஒருமுறை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். சீட்டில் "ஜி.எஸ்." என்று மட்டும் எழுதச் சொல்வார். "அந்த டெஸ்ட்" என்பார், பெயர் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். இரண்டு கூச்சக்காரர்கள். போகும்போது பையிலிருந்து ஒரு கொய்யா எடுத்து மேசையில் வைப்பார், நான் பார்க்காதது மாதிரி.

டீச்சருக்கு 2.0. அவர் மாத்திரையையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"எல்லாருக்கும் ஏறுதே! வெயிலு போடுபோடுன்னு போடுதுல்லா" என்றார் சார்.

ஜூன் 14, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. எட்டுக் குடம் அடிகுழாயில் அடித்தேன். அண்ணன் தூங்கவில்லையாம், விடிவதற்கு முன்பே வண்டியைக் கழுவி வைத்திருந்தான்.

ஜூன் 20, திங்கள்

அண்ணனுக்கு மறுபடி ரத்தம் எடுத்தோம். 1.3. மாத்திரை நிறுத்திப் பதினொரு நாள் ஆகிறது. இதற்குள் ரத்தத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. சிறுநீரகம் சரியாக வெளியேற்றவில்லையோ என்று டாக்டர் அதற்கும் டெஸ்ட் எழுதினார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

ஜூன் 24, வெள்ளி

அண்ணன் ஆட்டோவைச் சுற்றிக் கலர் பல்பு கட்டியிருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு ரூபாய்கூட வாங்காமல் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறான். சத்தமாகப் பேசுகிறான், ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகிறான். எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்தான். நன்றாக இருந்தது. சந்தோஷமாக இருப்பதில் என்ன தப்பு.

அம்மா பெட்டியைத் திறந்து மூடினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 25, சனி

டீச்சருக்கு 1.3.

இன்று கணவரும் கூட வந்திருந்தார். உள்ளே வராமல் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். ஊசி குத்தும்போது டீச்சர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சாப்பிடல கனி. மாத்திரைய அவர் பூட்டி வச்சிருக்கார். எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கேன்னு சொல்றார். நீயாச்சும் நம்பு."

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ரிப்போர்ட்டைக் கணவர்தான் வாங்கினார். இன்று கொய்யா இல்லை.

ஜூன் 27, திங்கள்

அண்ணனுக்கும் மறுபடி 1.3. டாக்டர் என்னிடம் தனியாகக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியாம சாப்பிடுறாரா? சில பேர் நிறுத்தப் பயந்துக்கிட்டு ஒளிச்சு வச்சு சாப்பிடுவாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நான் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா அவன் சட்டைப் பைகளை உதறினாள், தலையணை உறையைக் கிழித்தாள், ஆட்டோ சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். தெருவே பார்த்தது.

"எங்கடா வச்சிருக்க? சொல்லிரு ராசா."

"ஒண்ணுமில்லம்மா. சத்தியமா ஒண்ணுமில்ல."

"அப்ப ரத்தத்துல எப்படிண்ணே வரும்?" என்று கேட்டது நான்தான். "மெஷின் பொய் சொல்லாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். பேசுவதை நிறுத்திவிட்டான். இந்த இரண்டு வாரத்தில் அவன் பேசாமல் இருந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

"நீ எழுதுத நம்பருதான் சத்தியம். எஞ் சத்தியம் பொய்யி. அப்படித்தான புள்ள?"

நான் கிழிந்த தலையணையின் பஞ்சைப் பொறுக்கினேன்.

ஜூலை 1, வெள்ளி

நேற்றுக் காலை போன ஆட்டோ இன்னும் வரவில்லை.

ஜூலை 3, ஞாயிறு

ஆட்டோ கயத்தாறு தாண்டிப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. வண்டியில் வேறு யாருமில்லை. பல்புச் சரம் மட்டும் உடையாமல் இருந்ததாம், பார்த்தவர்கள் அதையே சொல்கிறார்கள். இடது தொடை எலும்பு முறிவு. கட்டுப்போட்டு வைதேகி மேடத்தின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம். மேலே பத்துப் படுக்கை இருக்கிறது. கட்டுப்போட்ட காலோடு எழுந்து ஓடப் பார்க்கிறான். கைகளைக் கட்டிலில் கட்டியிருக்கிறார்கள். துணி போதவில்லை என்றதும் அம்மா வீட்டுக்குப் போய் அந்தச் சேலையை எடுத்து வந்தாள்.

வேறு ஊசி போடுகிறார்கள். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எச்சில் வழிகிறது. "லித்தியம்தானம்மா இவனுக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று அம்மா கெஞ்சினாள்.

"வழக்கமான அளவுக்கே விஷமாகுதுன்னா இவர் உடம்புக்கு அது ஆகாதும்மா. இனிமே எந்த டாக்டரும் குடுக்கக் கூடாது" என்றார். நோயாளிக் குறிப்பின் மேல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டார். நான் ஆங்கிலம் படிப்பேன். லித்தியம் கூடாது.

ஜூலை 5, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர். போட்டோவில் டீச்சருக்குக் கல்யாண வயது இருக்கும். முழுப்பெயரும் போட்டிருந்தார்கள்.

"தவறிட்டாங்களாம். எப்படின்னு யாரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க" என்றார் சார். பிறகு வழக்கம்போல டீ சொன்னார்.

பதினாறு சர்க்கரை, நான்கு பொட்டாசியம், ஒரு சளி டெஸ்ட்.

ஜூலை 8, வெள்ளி

டாக்டர் கேட்டதால் அண்ணனுக்கு இன்று ரத்தம் எடுத்தேன். கட்டிய கையிலேயே எடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

1.3.

ஆறு நாளாகக் கட்டிலோடு கட்டிக் கிடக்கிறான். வாய்க்குள் போகிற ஒவ்வொரு வாய் கஞ்சியும் நானோ அம்மாவோ ஊட்டியது. அவன் எங்கே ஒளித்துவைக்க முடியும்?

சார் சாப்பிடப் போயிருந்தார். என் இடது கையில் நானே ஊசி ஏற்றினேன். பச்சை மூடி டியூபில் எடுத்துச் சுற்றி, நீர் கலந்து, மெஷினுக்குக் காட்டினேன். நான் பிறந்ததிலிருந்து லித்தியம் மாத்திரையைத் தொட்டதில்லை.

1.3.

ஜூலை 10, ஞாயிறு

லேப் விடுமுறை. சாவி என்னிடம் இருக்கிறது. புதுப் பெட்டியிலிருந்து பத்துப் பச்சை மூடி டியூப் எடுத்தேன். ரத்தம் இல்லாத வெறும் டியூப். கொஞ்சம் சுத்த நீரால் ஒவ்வொன்றாக அலசி, எல்லாவற்றையும் ஒரே கண்ணாடித் தட்டில் ஊற்றிச் சூடாக்கினேன். நீர் வற்றி, அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்தது. கல்லூரியில் செய்தது போலக் கம்பியின் நுனியை அமிலத்தில் நனைத்து, அதில் தொட்டு, அடுப்பின் நீலத் தீயில் நீட்டினேன்.

சிவப்பு. ரோஜாவும் இல்லாத ரத்தமும் இல்லாத ஒரு சிவப்பு. இரண்டு நொடிதான்.

இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் இந்த நிறத்தைப் பார்த்ததும் "லித்தியம், சார்" என்று முதலில் சொன்னவள் நான். வகுப்பில் நான் வாய் திறந்த ஒரே நாள்.

ரத்தம் உறையாமலிருக்க டியூபில் தடவியிருப்பது லித்தியம் உப்பு. சோடியம், பொட்டாசியம் டெஸ்டுகளை அது கெடுக்காது. அதனால்தான் இத்தனை நாள் யாரும் குறை சொல்லவில்லை. 2.1இல் 1.3ஐக் கழித்தால் 0.8. அண்ணனுக்கு எப்போதும் இருந்த அதே 0.8. டீச்சருக்கு 0.7.

அவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள்.

ஜூலை 11, திங்கள்

சாரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"உங்க அண்ணன் வைத்தியம் நிக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். மெஷின் ரிப்பேரு, அதான் நம்பர் தப்புன்னு டாக்டரம்மாகிட்ட நானே சொல்லுதேன். சிவப்பு டியூபுல மறுபடி எடுத்துக் குடுப்போம். முடிஞ்சிது."

"டீச்சருக்கு, சார்?"

"அவங்களுக்கு இனி என்னம்மா எடுத்துக் குடுக்க?"

நான் பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்தேன்.

"நான் டியூப் வாங்குனேன். ஒத்துக்கிடுதேன். ஆனா கனி, நான் பன்னெண்டாங் கிளாஸும்மா. நீதான டிகிரி."

கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் நாற்காலி போட்டு வேலை கொடுக்காதபோது கொடுத்தவர். அழுகிற மாதிரி இருந்தார்.

ஜூலை 12, செவ்வாய்

அண்ணனுக்கு ஷேவிங் செய்துவிட ஆள் கூட்டி வந்தேன். கன்னத்தில் ஒரு வெட்டு. அம்மாவுக்கு ஆபீசில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரின் அறை வாசலில் இரண்டு முறை நின்றேன். இரண்டு முறையும் உள்ளே ஆள் இருந்தது என்று திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை உள்ளே யாருமில்லை.

இந்த டைரியில் நான் எழுதிய முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "படிக்க நேரமில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

நேரம் இருந்தது. படித்தேன். லித்தியம் ஹெப்பாரின் என்று இருந்தது. லித்தியம் என்ற சொல்லைப் பார்த்ததும் மனசுக்குள் ஏதோ தட்டியது. சார் இது லித்தியம் டெஸ்டுக்கு ஆகுமா என்று கேட்க வாயெடுத்தேன். கம்பெனிக்காரர் நின்றார். இங்கிலீஷில் ஏதாவது திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது, தெரியாத கேள்வி கேட்கிறாள் என்று சிரித்துவிட்டால். அப்புறம் கேட்கலாம் என்று அதன் மேல் சீட்டை ஒட்டினேன். சுருக்கமில்லாமல் நேராக ஒட்டினேன்.

ஜூலை 13, புதன்

இன்று தாளில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் முன்னால் உட்காராமல் நின்றபடியே வாசித்தேன். டியூப், 1.3, என் ரத்தம், சிவப்புத் தீ. மெஷின் ரிப்பேர் இல்லை என்பதையும் வாசித்தேன். கடைசி வரி: "நான் அன்றைக்கே படித்தேன், கேட்கவில்லை."

"ஏன் கேக்கல?"

"கூச்சமா இருந்துச்சு, மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாத்திரை நிறுத்தின ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். ரெண்டு பேருக்கும் கை நடுக்கமோ வாந்தியோ எதுவுமில்ல. நான் ரிப்போர்ட்டப் பார்த்தேன், ஆளப் பார்க்கல." அண்ணனின் குறிப்பை எடுத்து அந்தச் சிவப்பு வரியை அடித்தார். பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். இன்று சாயங்காலத்திலிருந்தே மாத்திரை தொடங்கலாம் என்றார்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. போய்விடலாம். போகலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஞானசெல்வி வீட்டுக்காரருக்குச் சொல்லணும்" என்றார். "நானும் ஒரு நாள் போவேன். ஆனா முதல்ல..."

"நான் போறேன், மேடம்."

ஜூலை 14, வியாழன்

லேப் பூட்டியிருந்தது. சார் போனை எடுக்கவில்லை.

ஜூலை 17, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்கு இன்று போனேன். கொய்யா மரம் வாசலிலேயே நிற்கிறது. பழம் விழுந்து யாரும் கூட்டாமல் கிடந்தது.

கணவர் தனபால் கதவைத் திறந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ரத்தம் எடுக்கிற பொண்ணு என்றதும் உள்ளே வரச் சொன்னார். எழுதிக்கொண்டு போன தாளை வெளியே எடுக்கவில்லை.

"டீச்சர் கூடுதலா ஒரு மாத்திரைகூடச் சாப்பிடல சார். ஒளிச்சும் வைக்கல. தப்பு எங்க டியூபுல. அதுல சீட்டு ஒட்டுனது நான்."

முழுவதும் சொன்னேன். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. அடிப்பாரோ என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. எழுந்து உள்ளே போனார். ஆணியிலிருந்து மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொரு தேதியின் மூலையிலும் பென்சிலால் ஒரு டிக். மூன்றாம் வகுப்பு நோட்டில் போடுகிற மாதிரி அழகான டிக். ஜூன் 11 வரை தினமும் இரண்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"பொய் டிக்னு சொன்னேன்" என்றார். "பிள்ளைங்களுக்குப் போடுற மாதிரி எனக்கும் போட்டு ஏமாத்துறியான்னு கேட்டேன். அதுதான் நான் அவகிட்டக் கடைசியா..."

காலண்டரை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு பேனாவும் தாளும் கொண்டுவந்தார். "இப்ப சொன்னத எழுதிக் குடும்மா. எங்க போகணுமோ போறேன், அது அப்புறம். அவ அம்மாவும் அவ சொன்னது பொய்யினுதான் நினைச்சிட்டிருக்காங்க. அவங்களுக்குக் காட்டணும்."

எழுதினேன். பழக்கத்தில் முதல் வரியில் ஜி.எஸ். என்று வந்துவிட்டது. அடித்துவிட்டு முழுப்பெயரை எழுதினேன்.

ஜூலை 25, திங்கள்

மாத்திரை தொடங்கிப் பன்னிரண்டு நாள். அண்ணன் தூங்குகிறான், சாப்பிடுகிறான். கழுத்து நேராகிவிட்டது. கட்டு அவிழ்த்தாயிற்று, சேலையை அம்மா துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். இன்று ரத்தம் எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டும். வேறு யாராவது எடுக்கட்டும் என்றேன். "நீதான் எடுக்கணும். இனி உனக்கு மறக்காது" என்றார் டாக்டர்.

நேற்றே அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பஞ்சு பொறுக்கியதுவரை. அவன் மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று ஊசியோடு போய் நின்றபோது கையை மடக்கி வைத்துக்கொண்டான்.

"எந்த மூடி?"

காட்டினேன். சிவப்பு.

"எழுதியிருக்கறத வாசி."

சத்தமாக வாசித்தேன். உள்ளே எதுவும் தடவவில்லை என்று போட்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ."

வாசித்தேன். அண்ணன் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.